மிஜா ஏன் பேசவில்லை?

ஜரீனா எங்கள் வீட்டுக்கு முதன்முதலாக வந்த அன்று முற்றம் முழுக்கப் புளி காய்ந்துகொண்டிருந்தது. பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிந்து ஒரு வாரமோ பத்து நாளோ ஆகியிருக்கும். புளியை மிதிக்காமல் எப்படி வருவது என்று தெரியாமல், செருப்பில் ஒன்றைக் கையிலும் ஒன்றைக் காலிலும் வைத்துக்கொண்டு நின்றாள். நான் கையைப் பிடித்து இழுத்து வந்து பாயில் உட்கார வைத்தேன்.

அவள் வந்தது ஒரே ஒரு கேள்வி கேட்கத்தான்.

"பாலக்கோட்டுல பிளஸ் ஒன் சேர்றதுக்கு எங்க அத்தா சரின்னுட்டாரு. நீ வூட்ல கேட்டியா?"

"இன்னும் கேக்கல."

"எப்ப கேப்ப? பள்ளிக்கூடம் தொறந்து, சாத்தி, மறுபடி தொறக்கும்போதா?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரைதான். அதற்குமேல் படிக்க மாரண்டஹள்ளியில் பஸ் ஏறிப் பாலக்கோடு போக வேண்டும். ஆனால் பத்தாவது முடிந்ததும் என்னை அம்மாவின் தம்பிக்குக் கட்டிக் கொடுப்பது என்று, நான் தூளியில் கிடந்தபோதே பேசி முடித்துவிட்டார்கள். பேசி முடித்தவர்களிடம் போய் நான் என்னத்தைக் கேட்பது?

உள்ளேயிருந்து அம்மா "கூசே!" என்று குரல் கொடுத்தாள். எழுந்து போய் வெல்ல டப்பாவை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி "கூசே!" போய் அடுப்பை ஊதிவிட்டு வந்தேன். மூன்றாவது முறை கூப்பிட்டபோது குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

ஜரீனா கழுத்தை நீட்டி அறைக்குள் பார்த்தாள். கொல்லைப்புறம் பார்த்தாள். அண்ணாந்து பரணைக்கூடப் பார்த்தாள்.

"ஏய் நாகு, உன் வூட்ல கூசுன்னு இன்னொரு பொண்ணு இருக்குதா? ஒரு நாளும் சொல்லலையே நீ!"

"இன்னொரு பொண்ணா? நான் ஒருத்திதான்டி."

"பின்ன உங்கம்மா யாரக் கூப்புடறாங்க? மூணு தடவ கூப்டாங்க, அது ஒரு பதிலும் சொல்லல. பாவம், வாய் பேச வராதா?"

கேட்ட வாயை அப்படியே திறந்தபடி என்னைப் பார்த்தாள். எனக்கும் கையெல்லாம் புல்லரித்துப் போனது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் ஒரே பேரைக் கத்தினோம்.

"மிஜா!"

யார் இந்த மிஜா என்று சொல்வதற்கு முன்னால், ஒரு வாழைப்பழத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுற்றி வளைக்கிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். இத்தனை வாரமாக என்னைப் படிக்கிறீர்கள், நான் என்றைக்கு நேர்வழியில் போயிருக்கிறேன்?

ஒரு பழம், ஒரு பட்டப்பெயர்

எங்கள் வீட்டில் கன்னடம். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இது அதிசயமில்லை. ஒரு தெருவில் தெலுங்கு, அடுத்த தெருவில் கன்னடம், சந்தைக்கு வந்தால் எல்லோரும் தமிழ். ஐந்தாம் வகுப்பு வரை உள்ளூர்ப் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் எங்களைப் போலத்தான் என்பதால் யாரும் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. ஆறாம் வகுப்புக்கு டவுன் பள்ளிக்கு வந்தபோதுதான் என் நாக்கில் ஏதோ கோளாறு என்று தெரிந்தது.

நான் விடுவேனா? நானே ஒரு சூத்திரம் கண்டுபிடித்தேன். வீட்டில் எங்கெல்லாம் 'ஹ' வருகிறதோ, அங்கெல்லாம் 'ப' போட்டால் தமிழ். வீட்டில் ஹாலு, பள்ளியில் பால். ஹூவு என்றால் பூ. ஹுலி என்றால் புலி. ஹல்லு பல்லு, ஹத்து பத்து, ஹள்ளி பள்ளி. எவ்வளவு சுலபம் பாருங்கள்! இதை எனக்கு முன்னால் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். தலைகால் புரியவில்லை எனக்கு.

ஒரு நாள் வாத்தியார் ஒவ்வொருவராக எழுப்பி, காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் சாப்பிட்டது வாழைப்பழம். கன்னடத்தில் பழத்துக்கு ஹண்ணு. சூத்திரம் கையில் இருக்கிறதே! எழுந்து நின்று கணீரென்று சொன்னேன்.

"ஒரு பண்ணு சார்!"

"பன்னா? எந்த டீக்கடையிலம்மா?"

வகுப்பே கொல்லென்று சிரித்தது. வாத்தியாரும் சிரித்தார். அவர் கெட்டவர் இல்லை, சிரிப்பு வந்தது, சிரித்துவிட்டார். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் என் பேர் 'பன்னு' ஆகிவிட்டது. பத்தாவது முடிகிற வரை அது என்னை விடவில்லை.

அன்றைக்கு மூடிய வாய்தான். நாலு வருஷத்துக்கு மேல் அந்தப் பள்ளியில் நான் சத்தமாகச் சொன்னது "உள்ளேன் ஐயா" ஒன்றுதான். பின்னாளில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து பொழுதுக்கும் பேசியே சம்பளம் வாங்கினவள் நான் என்று சொன்னால், அந்த வகுப்பில் இருந்த ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

தக்காளி பறிக்கிற அமெரிக்கா

ஜரீனா ஒன்பதாம் வகுப்பில் வந்து சேர்ந்தாள். தர்மபுரியில் இங்கிலீஷ் கான்வென்டில் படித்துக்கொண்டிருந்தவள். அவள் அத்தா மாரண்டஹள்ளியில் மளிகைக் கடை போட்டதால் எங்கள் பள்ளிக்கு வர வேண்டியதாயிற்று. வீட்டில் உருது. அவள் தமிழைக் கேட்டும் சிரித்தார்கள். அவள் அசரவே இல்லை.

"சிரிக்கிறவங்க சிரிக்கட்டும், பல்லு அவங்களோடதுதானே?" என்பாள்.

கடையில் பொட்டலம் மடிக்கப் பெங்களூரிலிருந்து பழைய காகிதக் கட்டு வரும். ஒரு கட்டுக்குள் இங்கிலீஷ் கதைப் புத்தகம் ஒன்று கிடந்தது. அட்டை இல்லை. முதல் சில பக்கங்களும் இல்லை. அவள் அத்தா கிழித்து மடிக்கப் போகும்போது இவள் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். அதனால் அந்தக் கதையின் பேரும் தெரியாது, எழுதினவர் பேரும் தெரியாது. இன்றுவரை தெரியாது.

மதிய இடைவேளையில் பள்ளித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து படிப்போம். அவள் வாசித்து, தெரிந்ததைத் தமிழில் சொல்வாள். தெரியாததற்கு அகராதி. ஒரு நாளைக்கு அரைப் பக்கம் ஓடினால் பெரிய விஷயம்.

கதையில் எங்கள் வயதுப் பெண் ஒருத்தி, 'நான், நான்' என்று தன் கதையைத் தானே சொல்கிறாள். ஊர் அமெரிக்கா. ஆனால் அவள் அம்மாவும் அப்பாவும் யாருடைய தோட்டத்திலோ தக்காளி பறிக்கிறார்கள்! அமெரிக்கா என்றால் எல்லோரும் கோட்டுப் போட்டுக்கொண்டு ராக்கெட் விடுவார்கள் என்று நினைத்திருந்தவள் நான். எங்கள் தோட்டத்திலும் அப்போது தக்காளிதான். அங்கேயும் குனிந்துதான் பறிப்பார்களா, கூடை எத்தனை கனம், இடுப்பு வலிக்குமா என்று எனக்குக் கேள்விமேல் கேள்வி.

அடுத்து வந்ததுதான் பெரிய அதிசயம். அந்தப் பெண் வீட்டில் ஒரு பாஷை பேசுகிறாள், பள்ளியில் வேறு பாஷை. பள்ளியில் வாயைத் திறந்தால் சிரிக்கிறார்கள். அதனால் அவள் பேசுவதையே விட்டுவிட்டாள்.

"படிச்சதையே இன்னொரு தடவ படிடி," என்றேன். படித்தாள். களி உருண்டை கையிலேயே இருந்தது, வாய்க்குப் போகவில்லை. என் கதை அங்கே எப்படிப் போயிற்று? யார் போய்ச் சொன்னார்கள்?

அகராதியில் கிடைக்காத வார்த்தைகள்

அந்தப் புத்தகத்தில் சில வார்த்தைகள் எந்த அகராதியிலும் இல்லை. ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவற்றுக்கென்று ஒரு பட்டியலே போட்டோம். டார்டில்லா என்று ஒன்று. மக்காச்சோள மாவைப் பிசைந்து வட்டமாகத் தட்டிக் கல்லில் போட்டு எடுக்கிறார்கள் என்று வந்ததும், "போடி, ரொட்டிதானே இது," என்று நானே தீர்த்துவைத்தேன். அபுவேலா என்று ஒன்று. "அபூன்னு வருது பாரு, எங்க ஆளுங்கதான்," என்று ஜரீனா சாதித்தாள். அந்தக் குடும்பம் எப்போது தொழப் போகிறது என்று பக்கம் பக்கமாகக் காத்திருந்தோம். போகவே இல்லை. அபுவேலா என்றால் பாட்டி என்று பின்னாளில்தான் தெரிந்தது.

எங்களைப் பைத்தியமாக அடித்தது மூன்றாவது வார்த்தை. மிஜா. முதல் எழுத்து எப்போதும் பெரிய எழுத்து. பெரிய எழுத்தில் தொடங்கினால் ஆள் பேர் என்று ஆறாம் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். ஆக, அந்த வீட்டில் மிஜா என்று இன்னொரு பெண் இருக்கிறாள். "மிஜா, தம்பியைப் பார்த்துக்கொள்", "மிஜா, சாப்பிட்டாயா?", "மிஜா, நாளைக்குப் பள்ளி வேண்டாம், தோட்டத்துக்கு வா" என்று அந்த அம்மா அவளிடமே எல்லாவற்றையும் சொல்கிறாள். மிஜாவோ ஒரு வார்த்தை பதில் சொல்வதில்லை. அவள் எப்படி இருப்பாள், என்ன வயது, எதுவும் எழுதவில்லை.

"ஊமைப் பொண்ணு," என்றேன் நான்.

"செத்துப் போனவளா இருக்கும். அவங்கம்மா கண்ணுக்கு மட்டும் தெரியறா," என்றாள் ஜரீனா. அன்று தொட்டிக்குப் பின்னால் உட்காரவே எனக்கு உதறல்.

பொறுக்க முடியாமல் ஜரீனா இங்கிலீஷ் வாத்தியாரிடமே கேட்டுவிட்டாள். அவர் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு யோசித்தார்.

"மேஜையா இருக்கும்மா. ஸ்பெல்லிங் தப்பா அடிச்சிருப்பான்."

ஒரு வாரம் மேஜை என்றே வைத்துப் படித்துப் பார்த்தோம். "மேஜையே, சாப்பிட்டாயா?" "மேஜையே, தம்பியைப் பார்த்துக்கொள்." சிரித்துச் சிரித்து ஜரீனாவுக்குப் புரையேறிவிட்டது.

பத்தாவது பரீட்சைக்குச் சற்று முன்னால் புத்தகம் முடிந்தது. கடைசிப் பக்கத்தில் அந்தப் பெண் பள்ளி மேடையில் ஏறிப் பேசுகிறாள். ஆனால் பேசியதில் முக்கால்வாசி அவள் வீட்டுப் பாஷை! ஒரு எழுத்தும் புரியவில்லை. பேசினாள் என்று தெரிகிறது, என்ன பேசினாள் என்று தெரியவில்லை. இவ்வளவு பாடுபட்டுப் படித்து இதுவா கதி என்று எனக்கு அழுகையே வந்தது. மிஜா கடைசிவரை வாயைத் திறக்கவில்லை.

கூசு

இப்போது எங்கள் வீட்டுப் பாய்க்கு வருகிறேன்.

கூசு என்றால் கன்னடத்தில் குழந்தை. அம்மா என்னை வேறு எப்படியும் கூப்பிட்டதில்லை. நாகரத்னா என்பது பள்ளி ரிஜிஸ்டரில் இருந்த பேர். வீட்டில் நான் கூசு. அந்த வார்த்தைக்குத் தமிழில் என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் நன்றாகவே பொருந்தியது.

"மிஜாங்கிறது பேரே இல்லடி," என்றாள் ஜரீனா, மூச்சு வாங்க. "உங்கம்மா கூசுங்கிற மாதிரி, எங்கம்மா பேட்டாங்கிற மாதிரி. கத சொல்ற பொண்ணுதான் மிஜா. ரெண்டு பேரும் ஒருத்திதான்!"

அன்றே அவள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் புத்தகத்தைப் பிரித்தோம். மிஜா வருகிற இடமெல்லாம் தேடிப் பார்த்தோம். ஆமாம். அந்த அம்மா கேட்டது எல்லாம் இந்தப் பெண்ணிடம். பதில் சொல்லாமல் இருந்ததும் இவளேதான். நமக்குப் பக்கம் பக்கமாகச் சொல்கிறாள், பெற்றவளுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"உள்ளுக்குள்ள இவ்ளோ பேசறா, வெளிய ஒண்ணுங்கூட வரல," என்று சொல்லிவிட்டு ஜரீனா என்னைப் பார்த்தாள். "கூசுன்னு கூப்டா நீயும் போற, வர்ற. ஒரு தடவ வாயத் தொறந்து பதில் சொன்னியாடி?"

எனக்குச் சுருக்கென்றது. ரொம்பவும் கோபம் வந்தது. எழுந்து வந்துவிட்டேன். இரண்டு நாள் அவள் கடைப் பக்கமே போகவில்லை.

பேசினது யார்?

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. ஓசூர்ப் பக்கத்திலிருந்து மாமா வந்தார். பெரியப்பாவும் வந்து உட்கார்ந்தார். வைகாசியில் நாள் பார்ப்பது என்று பேச்சு. மாமாவைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. டிராக்டர் ஓட்டுவார், எங்கள் வீட்டுக்கு வந்தால் தானே போய்த் தண்ணீர் சேந்திக் குளிப்பார், எனக்கு வளையல் வாங்கிவருவார். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

நான் காபி கொடுத்துவிட்டுத் தட்டோடு கதவோரம் நின்றேன். பெரியப்பா சம்பிரதாயத்துக்கு ஒரு வார்த்தை கேட்டார்.

"கூசு ஏன் ஹேளுத்தே?" குழந்தை என்ன சொல்கிறது என்று அர்த்தம்.

"அதுக்கு என்ன தெரியும்? அது கூசு," என்றார் அப்பா.

இதுதான் அந்தப் பக்கம் என்று தோன்றியது. மிஜா பதில் சொல்லாமல் விடுகிற பக்கம்.

"மதுவே பேடா," என்றேன். "நான் ஓதபேக்கு."

கல்யாணம் வேண்டாம், நான் படிக்கணும். அவ்வளவுதான் சொன்னேன். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தேன். பழக்கம் இல்லாத தொண்டை, தோட்டத்தில் மாடு விரட்டுகிற சத்தத்தில் வந்துவிட்டது.

அப்பா கதவுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். பேசினது வேறு யாரோ என்றே நினைத்திருக்கிறார் மனுஷன்! மாமா டம்ளரைக் கீழே வைத்தார். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். "சரி" என்றார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அடுத்த ஆவணியில் அவருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆயிற்று.

அப்பா பத்துப் பதினைந்து நாள் குதித்தார். அப்புறம் ஒரு காலையில், தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டே, "மாப்பிள்ளையும் போயிட்டான், சும்மா வீட்ல குந்தி என்ன பண்ணப் போற? போய்ப் படி," என்று கன்னடத்தில் உறுமிவிட்டுப் போனார். என் மேற்படிப்புக்குக் கிடைத்த ஆசீர்வாதம் இதுதான்.

அம்மாதான் தாங்கவில்லை. தம்பி படியேறுவதை நிறுத்திவிட்டான். அவளுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவன் ஒருத்தன். அவள் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. கூசு என்று கூப்பிடுவதை நிறுத்தினாள், அவ்வளவுதான். "நாகரத்னா, சாப்பிடு." "நாகரத்னா, விளக்கு ஏத்து." ரிஜிஸ்டர் வாசிக்கிற மாதிரி இருக்கும். நான் இப்போது வாய் திறந்து "சரிம்மா" என்று பதில் சொல்வேன். அவள் திரும்பிப் பார்க்க மாட்டாள். படிப்பு கிடைத்ததே என்று சந்தோஷப்படுவதா, பேர் போயிற்றே என்று அழுவதா? மாட்டுக் கொட்டகையில் உட்கார்ந்து இரண்டையும் செய்தேன்.

நடுவில் ஒரு எழுத்து

பஸ் கதையைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். அதற்குமுன் இதைச் சொல்லிவிடுகிறேன்.

எத்தனையோ வருஷம் கழித்து, அமெரிக்காவில் இருக்கிற என் அண்ணன் மகள், பெரியப்பாவின் பேத்தி, லீவுக்கு வந்திருந்தாள். அவளிடம் மிஜா கதையைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

"அது மிஜா இல்ல அத்தை, மிஹா! என் மகளேன்னு அர்த்தம். அந்த பாஷைல ஜே எழுதினா ஹன்னுதான் படிக்கணும்."

ஹ! என் வாயிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டேனே, அதே ஹ. அந்தப் புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் இருந்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. உடனே பொம்மிடியில் இருக்கிற ஜரீனாவுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன்.

"மேஜையும் இல்லையாடி?" என்றாள்.

பஸ்

ஜூன் மாதம், பிளஸ் ஒன் முதல் நாள். கிளம்பும்போது அம்மாவைத் தேடினேன். வீட்டில் இல்லை. சொல்லிக்கொள்ளாமலே மாரண்டஹள்ளி வரை நடந்து வந்து பஸ் ஏறினேன். ஜரீனா ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். பின் சீட்டு முழுக்க எங்கள் பழைய வகுப்புப் பட்டாளம். "ஏய், பன்னு வந்துருச்சு," என்று ஒருத்தன் ஆரம்பித்தான்.

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். வண்டி நகர்ந்தது. அப்போது சந்தைத் தெரு முனையிலிருந்து ஒரு குரல்.

"கூசே! கூசே!"

அம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள். தலை அவிழ்ந்து கிடந்தது. கையை மேலே தூக்கி ஆட்டிக்கொண்டே வந்தாள். காலில் தோட்டத்துச் சேறு. பஸ்ஸில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பின் சீட்டில் "யார்றா அது கூசு?" என்று ஒரே சிரிப்பு.

நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே நீட்டினேன்.

"பந்தே அம்மா!" வந்துட்டேன் என்று ஊரே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டு, வண்டி நிற்பதற்குள் குதித்து ஓடினேன்.

"ஹண்ணு மரெத்தே," என்றாள். பழத்தை மறந்துட்டியே என்று. துணியில் சுற்றிய இரண்டு வாழைப்பழத்தை என் கையில் திணித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையால் என் நெற்றி வேர்வையைத் துடைத்துவிட்டு, "போ, வண்டி நிக்குது," என்று முதுகில் தள்ளினாள்.

மூச்சிரைக்க வந்து படியில் ஏறினேன். கண்டக்டர் கடுப்பில் நின்றார்.

"வண்டிய நிறுத்திட்டு எங்கம்மா ஓடற? கையில என்ன?"

"ஹண்ணுங்க," என்றேன்.

"என்னது, பன்னா?"

பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். "பன்னு இல்லீங்க. ஹண்ணு. வாழப்பழம், எங்க வூட்டுப் பாஷைல," என்றேன். ஜரீனா கையை நீட்டி ஒன்றை வாங்கிக்கொண்டாள்.

கண்டக்டர் வெளியே பார்த்தார். அம்மா அங்கேயே நின்றுகொண்டு மறுபடியும் கூப்பிட்டாள், சும்மாதான்.

"அந்தம்மா இன்னும் யாரையோ கூப்புடுதே. யாரு இங்க கூசு?"

"நான்தாங்க," என்றேன்.